உப்பளமும் காற்றாலையும் பாடசாலையும்: புத்தளக் கரையில் சக்திக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிற் பிரிந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதி, இலங்கையின் சக்தி வரலாற்றை ஒரு பிற்பகலில் வாசித்துவிடக்கூடிய வீதியாகும். பாலாவியை அண்டிய பகுதியிலே சூரிய வெப்பத்தை நம்பி வாழும் உப்பளங்கள் உள்ளன. மாம்புரியிலே 2010ஆம் ஆண்டு முதல் 10 மெகாவாற்று வலுவுள்ள காற்றாலைத் தொகுதி மின்னைப் பிறப்பித்து வந்துள்ளது. நுரைச்சோலையிலே நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. தலா 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று பொறித்தொகுதிகளைக் கொண்ட அந்நிலையத்தின் முதலாவது தொகுதி 2011இலும் ஏனைய இரண்டும் 2014ஆம் ஆண்டளவிலும் இயங்கத் தொடங்கின. வீதியின் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றரையிலே தென்னையும் மரக்கறித் தோட்டங்களும் மீனவர் குடியிருப்புகளும், அவற்றுக்கிடையே சிறு பாடசாலைகளும் உள்ளன.

இக்கரையின் காற்றைப் பற்றி ஒரு செய்தி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை, அதாவது சோளகத்தை, நம்பியே காற்றாலைகள் தமது உற்பத்தியின் பெரும் பங்கை ஈட்டுகின்றன. அதே காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்வதால், வெளிநாடுகளிலிருந்து வரும் நிலக்கரியை நுரைச்சோலையில் இறக்குதல் அம்மாதங்களில் இயலாததாகிவிடுகின்றது. ஆதலால் ஏறத்தாழ செப்டெம்பர் முதல் ஏப்ரில் வரையான காலத்திலேயே முழு ஆண்டுக்குமான நிலக்கரி கொண்டுவந்து குவிக்கப்படுகின்றது. ஒரே காற்று ஓர் ஆலையைச் சுழற்றுகின்றது; மற்றைய ஆலையின் துறைமுகத்தை மூடுகின்றது. இத்தகைய பாடம் உலகின் எந்தப் பாடநூலிலும் எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் இவ்வீதியால் நாள்தோறும் பள்ளிக்கு நடந்து செல்லும் பத்து வயதுப் பிள்ளையின் கண்முன்னே அது ஆண்டுதோறும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அப்பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்ததும் சக்தி பற்றி யாது கற்கின்றது, அக்கல்வி எவ்வழியாக வந்தது, கையாற் செய்து கற்றல் என்னும் எண்ணம் இந்நாட்டில் ஏன் மீண்டும் மீண்டும் தோன்றித் தோற்றது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் என்னும் பெயரையே உப்போடு இணைத்துப் ‘புது அளம்’ என்று பொருள் கூறுவாருளர். சொற்பிறப்பு எவ்வாறாயினும், உப்பே இக்கரையின் பழைய பொருளாதாரம் என்பதில் ஐயமில்லை. மலைநாட்டு அரசுக்கு உப்பு இங்கிருந்தே சென்றது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது கண்டியரசு எதிர்நோக்கிய நெருக்கடிகளுள் உப்பும் ஒன்றாகும். ஒல்லாந்தரும் அவர்பின் ஆங்கிலேயரும் உப்பைத் தமது தனியுரிமையாக வைத்திருந்தனர். வெயிலுக்கு வரிவிதித்த ஆட்சிகள் என்று அவற்றை நாம் கூறினால் அது மிகையாகாது.

காற்றும் அவ்வாறே. 1344இல் மாலைதீவிலிருந்து மாபாரை நோக்கிப் புறப்பட்ட இபுனு பதூதாவின் கலம், மூன்று நாட் பயணமென்று எண்ணப்பட்டதை ஒன்பது நாளாக்கி இலங்கைக் கரையில் அவரைச் சேர்த்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கொள்கை. பாய்விரித்தோடும் கலங்களின் உலகம் அது. அதன் அறிவு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, திசையையும் பருவத்தையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்த அறிவாகும். கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை இடவிவர நூலினால் இவ்வூர்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் தொகுத்தளித்தவராகவே எம்மவர் அவரை நினைவுகூர்கின்றனர். தம் ஊரின் விளைபொருள்களையும் தொழில்களையும் கணக்கெடுத்த அவரது மற்றைய முகம் அத்துணை கவனம் பெறவில்லை.

இனிப் பாடசாலைக்கு வருவோம். சுதேச மொழிக் கல்வி வலுப்பெற்று, விஞ்ஞானம் தமிழிலே கற்பிக்கப்படத் தொடங்கியபோது, கலைச்சொல்லாக்கம் ஒரு பெரும் பணியாயிற்று. அப்பணியின் விளைவாக எமது நாட்டிற் ‘சக்தி’, ‘வலு’, ‘விசை’ என்னும் மூன்று சொற்கள் மூன்று வேறு கருத்துகளுக்கு நிலைபெற்றன. தமிழகத்தார் முதலிரண்டையும் ‘ஆற்றல்’, ‘திறன்’ என்பர். எமது சொற்கள் ஆக்கப்பட்ட முறையில் நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. வீட்டிலே ‘சக்தி’ என்பது உடலின் பலம். ‘வலு’ என்பதும் அதுவே. இரண்டுக்குமிடையே பாடநூல் விதித்த வேறுபாட்டை, வேலை செய்யப்பட்ட அளவுக்கும் வேலை செய்யப்பட்ட வேகத்துக்கும் உள்ள வேறுபாடாகப் பிள்ளை கையால் உணர்ந்தாலன்றி, அது மனனம் செய்த ஒரு வரியாகவே எஞ்சும். எஞ்சியும் வந்துள்ளது.

பாடநூல்களிலே சக்திக்கு நெடுங்காலம் ஒரு முகவரி இருந்தது. அது மலைநாடு. டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் நீர்மின் பற்றிய கட்டுரையை வாசித்தமையும், பல்லாண்டு தாமதத்தின் பின் 1950இல் இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியமையும் எமது வரலாற்றின் சிறந்த அத்தியாயங்களே. அணை, விழும் நீர், சுழலும் சக்கரம், மின்கம்பி என்னும் அப்படத்தைக் கரையோரப் பிள்ளையும் தன் கொப்பியில் வரைந்து வந்தது. அருவியையே காணாத பிள்ளை அருவியின் சக்தியை வரைந்தது. தன் தலைமுடியைக் கலைத்த காற்றை வரையவில்லை. பாடத்திட்டம் ஒரு நாட்டுக்குப் பொதுவாய் அமையும்போது இது தவிர்க்கவியலாதது எனலாம். அதனைத் தவிர்க்க முயன்றவர்கள் இல்லாமலுமில்லை.

1930களின் தொடக்கத்திலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் தோன்றிய கிராமியக் கல்வித் திட்டம் அவ்வகையில் முன்னோடியாகும். தோட்டமும் கிராமக் கைத்தொழிலும் சுற்றாடலும் பாடத்தின் மையமாதல் வேண்டுமென்பது அதன் கொள்கை. 1937இல் வார்தாவிற் கூடிய மாநாட்டின் பின் சாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியும் அதே திசையிற் சென்றது. காந்தியடிகள் கைத்தொழிலைப் பாடத்தோடு சேர்க்கும்படி மட்டும் கூறவில்லை. கைத்தொழிலின் வழியாகவே கணிதமும் மொழியும் வரலாறும் கற்பிக்கப்படுதல் வேண்டும் என்றார். பிள்ளைகள் செய்யும் பொருள்களின் விற்பனையால் பாடசாலை தன் செலவைத் தானே ஈடுசெய்தல் வேண்டும் என்பதும் அவரது விருப்பம். இந்த இரண்டாவது விருப்பத்திலேதான் இடர் மறைந்திருந்தது என்பது எமது கருத்து. விற்பனைக்குரிய பொருள் பழுதாகலாகாது. பழுதாகக் கூடாத இடத்திற் பிள்ளை புதிதாக எதனையும் முயன்று பார்க்கமாட்டாது. ஆசிரியர் காட்டிய மாதிரியையே திரும்பச் செய்யும்.

இலங்கையிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை இலவசக் கல்வியின் தாய் எனப் போற்றப்படுகின்றது. அது தகுமே. ஆனால் அதே அறிக்கை, ஆரம்பக் கல்வியின் இறுதியிற் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவும், பெரும்பாலோரைச் செயன்முறைப் பாடசாலைகளிற் சேர்க்கவும் கருதியிருந்தது. மக்கள் இலவசக் கல்வியை வாரியணைத்தனர். செயன்முறைப் பாடசாலையை ஏற்கவில்லை. அத்தெரிவு முறையின் எச்சமே இன்றும் எம்மிடையே வாழும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. கை வேலைக்குரிய பிள்ளை வேறு, ஏட்டுக் கல்விக்குரிய பிள்ளை வேறு என்ற பிரிப்பு அங்கு தொடங்கிற்று. அதனைப் பெற்றோர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வரலாற்றிலே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் விரிவாக நோக்கப்பட வேண்டியது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே கற்றும் தொழிலற்ற இளைஞர் பெருமளவிற் பங்குகொண்டமை அரசையும் அறிஞரையும் உலுக்கியிருந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த அக்காலத்தில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை யாவருக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும், அதனோடு தொழில்முன்னிலைப் பாடங்களும் கட்டாயமாக்கப்பட்டன. ஒவ்வொரு பாடசாலையும் தன் சூழலிலுள்ள தொழிலொன்றைப் பாடமாகத் தெரிந்தெடுக்கலாம். கரையோரப் பாடசாலைக்கு மீன்பிடியும் தென்னையும் தும்பும் இயல்பான தெரிவுகள். ஒரு தொழிலைப் பழக்குவது பாடத்திட்ட ஆக்கியோரின் நோக்கமாக இருக்கவில்லை. தொழிலுக்குப் பின்னாலுள்ள விஞ்ஞானத்தையும் பொருளியலையும் சமூக உறவையும் பிள்ளை காண வேண்டுமென்றே அவர்கள் கருதினர். மூன்றாம் உலக நாடுகளிலே அக்காலத்தில் எழுந்த துணிவான கல்விச் சிந்தனைகளுள் இதனை ஒன்றாகக் கொள்வதிற் தவறில்லை.

எனினும் நடந்தது வேறு. ‘மீன் பிடிக்கக் கற்பதற்குப் பாடசாலை எதற்கு? அதைத்தான் தகப்பன் வள்ளத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாரே’ என்ற வினாவிற்கு எவராலும் நேர்விடை கூற முடியவில்லை. நகரத்துப் பெரிய பாடசாலைகள் இப்பாடத்தைப் பெயரளவிலே நடத்திக்கொண்டு தமது மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தின. கிராமத்துப் பாடசாலைகளிலோ அது மெய்யாகவே நடத்தப்பட்டது. விளைவு யாதெனின், மீனவன் மகன் மீனவனாகவும் உப்பளத் தொழிலாளியின் மகள் உப்பு வாருபவளாகவும் இருப்பதற்குப் பாடசாலையும் ஒப்பமிடுகின்றதோ என்ற ஐயம் எழுந்தது. ஐயம் முற்றிலும் நியாயமானதன்று. ஆனால் நியாயமற்றதும் அன்று. சாதியும் வர்க்கமும் தொழிலோடு பின்னிக்கிடக்கும் ஒரு சமூகத்தில், ‘உன் சூழலின் தொழிலைக் கற்றுக்கொள்’ என்று சொல்வது எவ்விடத்திலும் ஒரே பொருளைத் தரமாட்டாது. கொழும்பிலே அது பொழுதுபோக்கு. கரையிலே அது விதி. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் இப்பரிசோதனை கைவிடப்பட்டபோது கண்ணீர் விட்டவர் சிலரே.

கைவிடப்பட்டதனோடு ஒரு நல்ல எண்ணமும் புதைந்தது என்பதே எமது வருத்தம். ஒரு தொழிலை உள்ளவாறே கற்பதற்கும், ஒரு தேவையை நிறைவேற்றும் பொருளொன்றைத் தானே எண்ணி அமைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று எவரும் தெளிவாக வகுத்துரைக்கவில்லை. உப்பளத்திலே பாத்தி கட்டக் கற்பது தொழில். ‘இதே வெயிலில் உப்பு விரைவாக விளைய யாது செய்யலாம்? பாத்தியின் ஆழத்தைக் குறைத்தால் என்ன? அடியைக் கறுப்பாக்கினால் என்ன?’ என்று வினவி, இரண்டு தட்டுகளை வெயிலில் வைத்து அளந்து பார்ப்பது பொறியியல். முன்னது பிள்ளையைத் தொழிலுக்குக் கீழ்ப்படுத்துகின்றது. பின்னது தொழிலைப் பிள்ளையின் வினாவுக்குக் கீழ்ப்படுத்துகின்றது.

இவ்வேறுபாடு பிறநாடுகளிலும் மெல்லவே தெளிவுற்றது. பின்லாந்து 1866இலேயே கைவினையைப் பாடசாலைப் பாடமாக்கிற்று. சுலொய்ட் எனப்பட்ட அம்முறை வட ஐரோப்பா எங்கும் பரவிற்று. அங்கும் மாதிரிப் பொருளைப் பிழையின்றிப் பிரதிசெய்தலே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. இங்கிலாந்திலே 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், 1990 முதல் வடிவமைப்பும் தொழினுட்பமும் என்னும் பாடம் ஆரம்ப வகுப்பு முதலே கட்டாயமாயிற்று. அமெரிக்காவிலே பொஸ்ரன் விஞ்ஞான அருங்காட்சியகம் 2003 முதல் ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஆக்கிய பொறியியற் பாடத்தொகுதிகளுள் ஒன்று காற்றாலையை வடிவமைத்தலைப் பற்றியது. இன்னொன்று சூரிய அடுப்பைப் பற்றியது. முன்னதன் கதை டென்மார்க்கிலும் பின்னதன் கதை பொற்சுவானாவிலும் நிகழ்வதாக அமைத்துள்ளனர். நம்மிடம் இவ்விரண்டும் ஒரே வீதியிற் கிடக்கின்றன என்பதை நினைக்கச் சிறிது நகையும் சிறிது நாணமும் தோன்றுகின்றன.

எமக்கு அண்மையான எடுத்துக்காட்டு மும்பாயில் உள்ளது. அங்குள்ள ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி நிலையத்தினர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, பை தைத்தல், காற்றாலை மாதிரி அமைத்தல், பொம்மலாட்டம் நிகழ்த்தல் என்னும் மூன்று செயற்றிட்டங்களை இடைநிலை வகுப்பு மாணவரிடையே நடத்தி ஆராய்ந்தனர். நகரத்து ஆங்கில மொழிமூல மாணவர், நகரத்து மராத்தி மொழிமூல மாணவர், கிராமத்துப் பழங்குடி மாணவர் என மூன்று சூழல்களில் அவை நடத்தப்பட்டன. காற்றாலைச் செயற்றிட்டத்திலே வெறுமனே சுழலுவது போதாது. ஆலை ஒரு பாரத்தைத் தூக்குதலும் வேண்டும். மாணவர் குழுக்களாகக் கூடி, முதலில் வரைபடம் வரைந்து, வேண்டிய பொருள்களைக் கணக்கிட்டு, பின்னரே செய்யத் தொடங்கினர். செய்ததைத் தாமே மதிப்பிட்டனர். வேறுபட்ட சமூகப் பின்னணியுடைய மாணவர் யாவருக்கும் ஒரே பணி தரப்பட்டமையே இதிற் கவனிக்க வேண்டியது. 1972இலே நாம் கிராமத்துக்கு ஒரு தொழிலும் நகரத்துக்கு இன்னொரு தொழிலும் கொடுத்தோம்.

புத்தளக் கரையிலோ 1990இன் பின் பாடசாலைகளின் முதற் கவலை வேறாயிற்று. அவ்வாண்டு அக்டோபரிலே வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலே தஞ்சமடைந்தனர். சில ஆயிரம் பேருக்கென அமைந்த ஊர்கள் பல்லாயிரவரை ஏற்றன. கிடுகு வேய்ந்த கொட்டில்களிலே வகுப்புகள் நடந்தன. இருக்க இடமில்லாத வகுப்பிலே செய்து கற்றல் பற்றிப் பேசுவது பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியையும் மன்னார்க் கடலையும் நினைவிற் சுமந்து வந்த பெற்றோரும், அவற்றைக் காணாது இங்கேயே பிறந்த பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். இக்கரையின் காற்றுக்கும் மண்ணுக்கும் உரிய அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குத் தானே வந்துசேரும் என்று இனிக் கொள்ள இயலாது. அதனைப் பாடசாலையே தரல் வேண்டும் என்ற நிலை அப்போது உருவாயிற்று. பாடத்திட்டம் ஆக்கியோர் அதனை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 1999இல் நாடளாவ நடைமுறைக்கு வந்தபோது, ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டு, ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் இடம்பெற்றது. இப்பாடத்தின் பெயரே ஒரு வெற்றி. சக்தி பற்றிய தொடக்க எண்ணங்களுக்கும், காற்று, நீர், வெளிச்சம் முதலியவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆசிரியர் விரும்பினால் வகுப்பறையை விட்டு வெளியே செல்ல அனுமதியும் உண்டு. ஆனால் மூன்றாவது முதன்மை நிலையை அடைந்ததும் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுந்துவிடுகின்றது. செயற்பாடு வினாத்தாளாகின்றது. காற்றாடியின் படத்தைக் காட்டி ‘இது எதனால் இயங்குகின்றது?’ என வினவப்படும்; விடை ‘காற்று’. ஒரு புள்ளி.

இவ்விடத்து ஒரு செயற்றிட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். நான்காம் வகுப்பு, முப்பது பிள்ளைகள், ஆறு குழுக்கள். பனையோலை, தென்னோலை ஈர்க்கு, பழைய தயிர்ச் சட்டி மூடி, போத்தல் மூடி, மூங்கிற் குச்சி, நூல் ஆகியவையே கருவிப் பொருள்கள். பணி ஒன்றே: காற்றால் இயங்கி, 100 கிராம் உப்புப் பொட்டலத்தை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் பொறியொன்றை அமைத்தல். ஓலைக் காற்றாடி செய்யத் தெரியாத பிள்ளை இக்கரையில் இல்லை. ஆகவே தொடக்கம் எவருக்கும் எளிது. துன்பம் நூலைக் கட்டியபின் வருகின்றது. விளையாட்டுக் காற்றாடி வேகமாகச் சுழலும். பாரத்தை இணைத்ததும் நின்றுவிடும். அங்குதான் பாடம் தொடங்குகின்றது. இதழ்களைக் கூட்டலாமா? கூட்டினால் மெதுவாகச் சுழன்றாலும் திருப்பும் விசை கூடும். இதழின் சாய்வை மாற்றலாமா? நூல் சுற்றும் அச்சைத் தடித்ததாக்கினால் விரைவாக ஏறும், ஆனால் தூக்க முடியாமற் போகும். மெல்லியதாக்கினால் தூக்கும், ஆனால் நீண்ட நேரம் செல்லும். சக்திக்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று ஆசிரியர் அப்போது சொன்னால், அச்சொற்கள் உரிய இடத்திற் சென்று பதியும். இரு குழுக்களின் பொறிகளும் ஒரே பொட்டலத்தை ஒரே உயரத்துக்குத் தூக்கின. ஒன்று பத்து வினாடியில், மற்றையது நாற்பது வினாடியில். வேலை ஒன்று, வலு நான்கு மடங்கு வேறு.

கடற்கரைக்கு அருகே வைத்த ஆலையும் மதிலுக்குப் பின்னால் வைத்த ஆலையும் ஒன்றாக இயங்கா என்பதையும் பிள்ளைகள் காண்பர். காற்றின் வேகம் இருமடங்கானால் அதனிடமிருந்து பெறத்தக்க வலு எட்டு மடங்காகின்றது. அதனை நான்காம் வகுப்பிற் சமன்பாடாகச் சொல்ல வேண்டியதில்லை. மாம்புரியின் ஆலைகளை மதிலுக்குப் பின்னாற் கட்டாது உயர்ந்த கோபுரத்திற் கட்டியது ஏன் என்று கேட்டாற் போதும்.

பொட்டலத்தில் ஏன் உப்பு? மணலும் ஆகுமே எனலாம். உப்பைத் தெரிந்ததற்குக் காரணமுண்டு. 100 கிராம் பாரத்தை ஒரு மீற்றர் தூக்கச் செலவாகும் சக்தி ஏறத்தாழ ஒரு யூல். அந்த 100 கிராம் உப்பை விளைவிக்க மூன்றரை லீற்றருக்கும் மேற்பட்ட கடல்நீர் ஆவியாதல் வேண்டும். அதற்குச் சூரியன் தரும் வெப்பமோ எண்பது இலட்சம் யூலைத் தாண்டும். ஒரு கிலோகிராம் உப்பென்றால் மின் அலகிற் சொல்லுமிடத்து இருபது அலகுக்கு மேல். சிறிய வீடொன்றுக்குப் பல நாட்களுக்குப் போதுமானது. தட்டிலே கடல்நீரை ஊற்றி வெயிலில் வைத்து, எஞ்சிய உப்பை நிறுத்துப் பார்த்த பிள்ளை, தன் வீட்டு அடுக்களையிலுள்ள உப்பை அதன்பின் வேறு கண்ணாற் பார்க்கும். உப்பளத் தொழிலாளியை வேறு கண்ணாற் பார்க்கும் என்பதும் எமது நம்பிக்கை. எந்நீரை எப்போது எப்பாத்திக்கு விடுவது, ஜிப்சம் படிந்தபின் உப்பு படிவதை எவ்வாறு அறிவது, உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை எப்போது வடிப்பது என்னும் அவரது முடிவுகள், வெயிலைக் கையாளும் ஒருவரின் பொறியியல் முடிவுகளேயன்றி வேறல்ல. அவரை வகுப்பறைக்கு அழைத்து, அவரது தொழிலைப் பயில்வதற்காகவன்றி அவரது அறிவைக் கேட்பதற்காக ஒரு மணிநேரம் பேசச் செய்தால், 1972இல் நேர்ந்த பிழை ஓரளவேனும் திருத்தப்படும்.

பிள்ளைகள் அமைக்கும் ஆலைகளிற் பல தூக்கா; சில முறியும். கைத்தொழிற் பாடத்தில் அது கழிவு. இங்கு அதுவே மறுநாளைய பாடம். இதற்கு இக்கரையைச் சார்ந்த வரலாற்றுச் சான்றும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலே நீர்வளச் சபையின் காற்றுச் சக்திப் பிரிவினர், நெதர்லாந்தின் உதவியுடன், வறண்ட வலயத்துச் சிறு விவசாயிகளுக்கென நீரிறைக்கும் காற்றாலைகளை வடிவமைத்தனர். கற்பிட்டியிலே 1667இற் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் வழித்தோன்றல்கள் மூன்று நூற்றாண்டின் பின் காற்றாலைகளோடு வந்தமை வரலாற்றின் ஒரு வேடிக்கை. ஆலைகள் உள்நாட்டிலேயே செய்யத்தக்கனவாக எளிமையாக அமைந்திருந்தன. ஆயினும் தோளிற் சுமந்து ஒரு கிணற்றிலிருந்து மறு கிணற்றுக்குக் கொண்டுசெல்லத்தக்க மண்ணெண்ணெய் நீர்ப்பம்பியோடு அவற்றாற் போட்டியிட முடியவில்லை. காற்று எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் வீசுவதுமில்லை. இது தோல்வியா? அன்று அப்பணியில் ஈடுபட்டோர் அளந்து வைத்த அறிவு, இக்காற்று எதற்கு உதவும் எதற்கு உதவாது என்பதைக் கற்பித்தது. பின்னர் எழுந்தவை கிணற்றுக்கல்ல, மின்வலையமைப்புக்கே காற்றைக் கொண்டுசேர்த்தன.

ஆலையைச் செய்து பார்த்த பிள்ளை அதனோடு நின்றுவிடாது என்பதையும் ஆசிரியர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். நிலக்கரித் தூசு சோளகக் காற்றில் ஏறித் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிகின்றது என நுரைச்சோலை மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். 2022இல் எரிபொருளுக்குப் பணமின்றி நாடு முழுவதும் மணிக்கணக்காக இருளில் மூழ்கிய நாட்களைப் பிள்ளைகள் நினைவில் வைத்துள்ளனர். ‘காற்றாலை இருக்கும்போது கரி எதற்கு?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். ‘காற்று இல்லாத மாதத்தில் என்ன செய்வது?’ என்று தன் ஆலை அசையாது நின்றதைக் கண்ட மற்றொரு பிள்ளை மறுமொழி சொல்லும். இரண்டும் அறிஞர் அவைகளில் இன்றும் முடியாத வாதங்களே. நுரைச்சோலையில் வேலை செய்யும் ஒருவரின் பிள்ளையும், அதன் தூசைக் குறைகூறும் தோட்டக்காரரின் பிள்ளையும் ஒரே குழுவில் அமர்ந்திருக்கக்கூடும். அவ்வகுப்பை நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சியைவிடத் துணிவே அதிகம் வேண்டும்.

செயன்முறையில் ஒரு தடை எஞ்சியுள்ளது. அது காலத்தைப் பற்றியது. ஆலை செய்வதற்கு உகந்த காலம் சோளகம் உரத்து வீசும் சூன், சூலை மாதங்கள். உப்புத் தட்டை வெயிலில் வைப்பதற்கும் அதுவே ஏற்ற காலம். புலமைப்பரிசில் பரீட்சையோ வழமையாக ஆகஸ்டு மாதத்தை ஒட்டி வருவது. முஸ்லிம் பாடசாலைகளின் தவணைகள் நோன்பு மாதத்தைத் தழுவி மாறுவதையும் சேர்த்தெண்ணினால், ஐந்தாம் வகுப்பில் இதற்கு நாளே கிடையாது. நான்காம் வகுப்பின் இரண்டாந் தவணையிலே, காலை பத்து மணிக்குப் பின் காற்று எழும் வேளையாகப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை ஆறு வாரங்களுக்கு ஒதுக்கினாற் போதுமானது. ஓலைக்கும் நூலுக்கும் செலவு அதிகமில்லை. உப்பு அயலிலேயே உண்டு.